மலையகத்தில் உதவி உபகரணங்களைக் காட்டுவதும் இரவல் தருவதும்: தரமாக நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

பத்து மாதமாகத் தகரப் பெட்டிக்குள் கிடந்த ஒரு காது மெஷினை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) அம்மாயியுடையது. ஒரு முகாமில் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். இரண்டு வாரம் நன்றாகக் கேட்டது. அப்புறம் "மெஷின் செத்துப்போச்சு" என்று துணியில் சுற்றி வைத்துவிட்டார். உண்மையில் தீர்ந்துபோனது பெட்டரி மட்டும்தான். செம்மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய 13ஆம் நம்பர் பெட்டரி ஒன்றை வாங்கிப் போட்டதும், வெளியில் பேரன் பேசுவது கேட்கிறது என்றார். பெட்டரி மாற்றலாம் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொன்னவர்கள் சிங்களத்தில் சொன்னார்களாம்.

அந்தப் பத்து மாதத்தை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தோட்டத்து டிஸ்பென்சரியிலோ, கோயில் மண்டபத்திலோ, பாடசாலை அறையிலோ கைத்தடி, சக்கர நாற்காலி, காது மெஷின் போன்ற உதவி உபகரணங்களைக் காட்டி, இரவல் கொடுத்து, திரும்ப வாங்கும் சிறு சேவை ஒன்றை நடத்த நினைக்கும் மாதர் சங்கங்களுக்கும் இளைஞர் கழகங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் இது உதவும். பெரிய பணம் தேவையில்லை, ஒழுங்குதான் தேவை.

முதல் படி: மூன்று வேலைகளைப் பிரித்து வையுங்கள்

காட்டுவது வேறு, இரவல் தருவது வேறு, நிரந்தரமாகக் கொடுப்பது வேறு. நம் ஊரில் மூன்றும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது. மேசையில் பத்துப் பொருளை அடுக்கி வைத்து ஆட்களை வரிசையாக நடக்க விட்டால் அது கண்காட்சி. செய்து காட்டல் என்றால், விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க, தேவைப்படுகிறவர் தன் கையால் தொட்டு, மாட்டி, நடந்து, ஒன்றுக்கு மேற்பட்ட பொருட்களை ஒப்பிட்டுப் பார்ப்பது. இரவல் என்றால் அந்தப் பொருளைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய், தன் படியிலும் தன் பீலிக்கரையிலும் (தண்ணீர் எடுக்கும் இடம்) சில வாரம் வைத்துப் பார்ப்பது.

அமெரிக்காவில் 1998இல் வந்த உதவித் தொழில்நுட்பச் சட்டத்தின்படி மாநிலங்களும் ஆட்புலங்களுமாக 56 இடங்களில் இந்த வேலை நடக்கிறது. அவர்களுடைய ஆண்டுக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று இருக்கிறது. பொருளைப் பார்த்தவர், இரவல் வாங்கியவர் ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்றில் ஒரு பதிலைக் குறிக்கிறார்கள்: இந்தப் பொருள் எனக்குச் சரிவரும், இது சரிவராது, இன்னும் முடிவு செய்யவில்லை. முதல் இரண்டு பதிலும் வெற்றிக் கணக்கில்தான் சேரும். "வேண்டாம்" என்று தெளிந்து திருப்பித் தருகிறவரும் சேவையால் பயன் பெற்றவரே. நீங்கள் பின்பற்றப்போகும் தரத்துக்கு இதையே அடித்தளமாக வையுங்கள். எத்தனை பொருள் கொடுத்தோம் என்பது நன்கொடையாளரின் கேள்வி. எத்தனை பேர் தாங்களே பார்த்துத் தெளிந்து முடிவெடுத்தார்கள் என்பதுதான் நம்முடைய கேள்வி.

இரண்டாம் படி: இடமும் நேரமும்

நமக்கு இடத்தைவிட நேரம் முக்கியம். காலை எட்டு மணிக்கு வரச்சொன்னால் கொழுந்து எடுக்கிற ஒரு அக்காவுக்கு அன்று அரைப் பேர்தான் (அரைநாள் சம்பளம்) விழும், சில நேரம் அதுவும் விழாது. துணைக்கு வரும் மகளுக்கும் அதே கதை. ஒரு கைத்தடியைப் பார்க்க இரண்டு பேரின் சம்பளம் போகும் சேவையைத் தரமானது என்று சொல்ல முடியாது. வேலை முடிந்த பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருங்கள். சம்பள நாளில் எல்லோரும் டவுனுக்குப் போவார்கள், அன்றைக்கு ஆள் வராது.

இடம் என்று பார்த்தால், வாகனம் நிற்கும் இடத்திலிருந்து உள்ளே போகப் படி இருக்கக் கூடாது. உள்ளே சமதரை வேண்டும். வெளியே ஒரு மேடும் நாலு படியும் வேண்டும், ஏனென்றால் பரீட்சை அங்கேதான் நடக்கப்போகிறது. காது மெஷின் காட்டுவதற்குக் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும். தகரக் கூரையில் மழை அடிக்கும்போது காது கேட்பதைச் சோதிக்க முடியாது, வேறு நாள் வரச்சொல்லுங்கள்.

பதுளை, பண்டாரவளைப் பக்கம் என்றால் டிசம்பர் முதல் பெப்ரவரி வரையும், ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் என்றால் மே முதல் செப்டெம்பர் வரையும் மழையை எதிர்பார்த்தே திட்டம் போட வேண்டும். அந்த மாதங்களில் மக்களை வரச்சொல்வதைவிட, பொருட்களை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு டிவிசன் டிவிசனாக நீங்கள் போவது நல்லது. மேற்கணக்கு, பணியக்கணக்கு (தோட்டத்தின் மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு) இரண்டுக்கும் போங்கள். ரோட்டோர லயங்களுக்கு எல்லாமே முதலில் கிடைக்கும். ரோட்டிலிருந்து தள்ளியிருக்கும் டிவிசனுக்கு எதுவும் கிடைக்காது. அதை மாற்றுவதும் தரத்தில் சேர்ந்ததுதான்.

மூன்றாம் படி: அலுமாரியில் என்ன இருக்க வேண்டும்

உலக சுகாதார அமைப்பு 2016இல் முன்னுரிமை உபகரணங்கள் என்று 50 பொருட்களைப் பட்டியலிட்டது. ஐம்பதையும் வாங்கி வைக்க நினைக்காதீர்கள். ஒரே வகையில் இரண்டு மூன்று மாதிரி இருப்பதுதான் முக்கியம், ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்காமல் தெரிவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

நான் இப்படித் தொடங்குவேன்: உயரம் மாற்றக்கூடிய ஒற்றைக்கால் கைத்தடி, நாலு கால் கைத்தடி, முழங்கை ஊன்றுகோல், கக்கத்து ஊன்றுகோல், சக்கரம் உள்ள வோக்கர், சக்கரம் இல்லாத வோக்கர், வெவ்வேறு அகலத்தில் இரண்டு சக்கர நாற்காலி, கொமோட் கதிரை (கழிப்பறையாகப் பயன்படும் கதிரை), கையில் பிடிக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடிகள் சில, வெள்ளைப் பிரம்பு இரண்டு அளவில், ஹெட்போன் மாட்டிக் கேட்கும் சிறிய ஒலிபெருக்கிக் கருவி, பிடி தடித்த கரண்டி, பேச முடியாதவர்களுக்கான படப் பலகை. அன்ட்ரொய்ட் போன் ஒன்றும் வேண்டும். அதில் உள்ள டோக்பேக் திரையைத் தமிழிலேயே வாசித்துக் காட்டும், காசு இல்லை. கணினி இருந்தால் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானைப் போடலாம், அதற்கும் தமிழ்க் குரல் உண்டு.

படப் பலகையைக் கடையில் வாங்காமல் நீங்களே செய்யுங்கள். வெளிநாட்டுப் பலகையில் பீட்சாவும் பனிமனிதனும் இருக்கும். நம் பிள்ளைக்கு வேண்டியது ரொட்டி, சம்பல், தேத்தண்ணி, பிள்ளைக் காம்பரா (பிள்ளைகள் பராமரிப்பு நிலையம்), பீலி, அம்மா வேலைக்குப் போயிருக்கிறார் என்பதற்கு ஒரு கொழுந்துக் கூடை. பிள்ளையின் வீட்டில் பேசும் சொல்லையே படத்துக்குக் கீழே எழுதுங்கள்.

நான்காம் படி: செய்து காட்டும் நாள்

முதலில் பொருளை வெளியே எடுக்காதீர்கள். கேளுங்கள். "கால்ல என்ன வருத்தம்?" என்று கேட்பதைவிட "எந்த வேலைதான் செய்ய முடியாம இருக்கு?" என்று கேட்பது நல்லது. ஒருவர் "கக்கூசுக்கு ராத்திரி தனியா போக ஏலாது" என்பார். அவருக்குத் தேவை சக்கர நாற்காலியா, கொமோட் கதிரையா, கைப்பிடிக் கம்பியா, ஒரு டோர்ச் லைட்டா என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

தேவைப்படுகிறவரிடமே பேசுங்கள். கூட வந்த மகனைப் பார்த்து "அம்மாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்பது, அம்மா அங்கே இல்லை என்று சொல்வதற்குச் சமம். அம்மா, ஐயா, அக்கா, தம்பி என்று அவரவர் வயதுக்கு ஏற்றபடி அழைத்து, அவர் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். வருகிற நிபுணர் தமிழ் பேசாதவராக இருந்தால் மொழிபெயர்க்க வளர்ந்தவர் ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். பத்து வயதுப் பிள்ளையை அம்மாவின் உடம்புக் கதையை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. தமிழ் 1987 முதல் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் விளக்கம் கேட்பதை யாரும் சலுகையாக நினைக்க வேண்டாம்.

அடுத்தது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவது. காதில் சீழ் வடிகிறவருக்கு எதையும் மாட்டக் கூடாது. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனவரையும், திடீரென்று பார்வை மங்கியவரையும் அன்றைக்கே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். உட்காரும் இடத்தில் புண் இருந்தால் சக்கர நாற்காலி பிறகு, புண்ணுக்கு மருந்து முதலில்.

இனி ஒப்பீடு. கைத்தடியையே எடுத்துக்கொள்வோம், அதிகம் பேர் கேட்பது அதுதான். அவர் வழக்கமாகப் போடும் செருப்போடு, வெறுங்காலில் நடப்பவர் என்றால் வெறுங்காலோடு, நேராக நிற்க வையுங்கள். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டில் மடிப்பு விழும் இடம்தான் தடியின் உயரம். பிடிக்கும்போது முழங்கை சற்று மடங்கியிருக்கும். நோகும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் தடி இருக்க வேண்டும். பலரும் நோகும் பக்கமே பிடிப்பார்கள், அது தவறு. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில். இதை நாலு படியில் நாலு முறை செய்து பார்க்க வையுங்கள்.

பிறகு நாலு கால் தடியைக் கொடுத்து வெளியே மேட்டில் நடக்கச் சொல்லுங்கள். சமதரையில் அது கம்பீரமாக நிற்கும். கல்லும் வேருமான நம் குறுக்குப் பாதையில் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையில் படாது, தடுமாற வைக்கும். சக்கரம் வைத்த வோக்கரும் அப்படித்தான். பள்ளத்தில் ஆளுக்கு முன்னால் அது ஓடிவிடும். பெரிய வைத்தியசாலையின் பளபளப்பான தரையில் தெரிவு செய்த பொருள் லயத்தில் தோற்றுப்போகும் காரணம் இதுதான்.

சக்கர நாற்காலிக்கு அளவு நாடா இல்லாமல் பேச்சைத் தொடங்க வேண்டாம். இடுப்பின் அகலம், தொடையின் நீளம், முழங்காலிலிருந்து குதிகால் வரை உள்ள நீளம் எல்லாம் எடுங்கள். உட்கார்ந்ததும் முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையில் இரண்டு விரல் போக வேண்டும். நாற்காலியின் வெளி அகலத்தையும் அவர் வீட்டுக் கதவின் அகலத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள். காம்பராக் (லயத்து அறை) கதவு குறுகல், இஸ்தோப்பு (முன் திண்ணை) அதைவிடக் குறுகல், முன்னால் கான் (வடிகால்), அப்புறம் படி. சாய்தளம் போடலாம் என்று சுலபமாகச் சொல்லிவிடுவோம். பொதுவாகச் சொல்லப்படும் அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஓரடி உயரப் படிக்கு 12 அடி நீளச் சரிவு. எந்த லயத்துக்கு முன்னால் பன்னிரண்டு அடி இடம் இருக்கிறது? ஆகவே நாற்காலி வெளியே ஓரிடத்தில் இருக்க, வீட்டுக்குள் வேறு வழி என்று இரண்டாகப் பிரித்து யோசிக்க வேண்டி வரும். நாற்காலி வேலைக்கு ஆகாத வீடும் உண்டு. அதை நேர்மையாகச் சொல்லுங்கள்.

காது மெஷின் விஷயத்தில் ஒரு கண்டிப்பு வேண்டும். கேட்கும் அளவைச் சோதித்து அதற்கேற்ப அமைக்காத காது மெஷினை இரவல் தராதீர்கள். காட்டுவதற்கு ஹெட்போன் ஒலிபெருக்கி போதும். "சத்தம் கூடினால் பேச்சு விளங்குகிறதா?" என்பது அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும். அப்புறம் காது பரிசோதனைக்கு அனுப்பலாம்.

எல்லாவற்றுக்கும் மேல், காட்டுகிறவருக்கு எந்தக் கடையிலிருந்தும் கமிஷன் இருக்கக் கூடாது. விலை எவ்வளவு, எங்கே வாங்கலாம், அரசாங்கத்திடம் இலவசமாகக் கிடைக்குமா, எதுவும் வாங்காமலே சமாளிக்க முடியுமா என்ற நாலையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். ஒருவருக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு பின்னேரத்தில் மூன்று பேரைப் பார்த்தால் போதும்.

ஐந்தாம் படி: இரவல்

எதற்காக இரவல் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க. சொந்தப் பொருள் பழுதாகித் திருத்தக் கொடுத்திருக்கும்போது. விண்ணப்பித்த பொருள் வரும்வரை. கால் முறிந்து ஆறும் வரை போன்ற குறுகிய தேவைக்கு. இந்தக் காரணத்தைப் பொறுத்துத்தான் நாள் கணக்கு. கைத்தடிக்கு இரண்டு வாரம் போதும். சக்கர நாற்காலிக்கு நாலு வாரமாவது வேண்டும், அதில் சில மழை நாளும் வர வேண்டும். காது மெஷினுக்கு மூளை பழகவே சில வாரம் ஆகும், ஆறு வாரம் கொடுங்கள். விண்ணப்பத்துக்காகக் காத்திருப்பவரிடம் தவணை முடிந்தது என்று பொருளைப் பறிக்காதீர்கள். வேறு யாரும் வரிசையில் இல்லாவிட்டால் நீடியுங்கள். இருந்தால் இருவரிடமும் பேசித் தீருங்கள்.

முற்பணம் வாங்க வேண்டாம். அடையாள அட்டையைப் பிணையாக வாங்கி வைக்கவே வேண்டாம். அந்த அட்டையைப் பெறவே நம் மக்கள் பட்ட பாடு தெரிந்தவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள். ஒரே பக்கத்தில் தமிழில் ஓர் ஒப்பந்தம் போதும். பொருளின் இலக்கம், கொடுத்த நாள், திரும்பும் நாள், என்னென்ன உதிரிப் பாகங்கள், பழுதானால் யாருக்குப் போன் செய்வது, வழக்கமான தேய்மானத்துக்குக் காசு இல்லை என்ற உறுதி. இதை வாசித்துக் காட்டி, விளங்கியதா என்று கேட்காமல், "இப்ப நீங்க எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்று கேளுங்கள். அம்மாயிக்கு யாராவது இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் பெட்டரிக் கதை அன்றைக்கே தெரிந்திருக்கும். பெட்டரி மாற்றுவதை அவர் கையாலேயே மூன்று முறை செய்ய வையுங்கள். ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப்பட விட்டு, அப்புறம் போட வேண்டும் என்பதையும் சேர்த்து. வீட்டில் இன்னொருவரும் இதைப் பழக வேண்டும்.

பொருளைக் கொண்டுபோகும் செலவு உங்களுடையது. முச்சக்கர வண்டிக்குக் கொடுக்க அவரிடம் பணம் இருக்காது. திருப்பிக் கொடுக்கும் இடமும் பக்கத்தில் இருக்கட்டும். டிஸ்பென்சரியிலோ பிள்ளைக் காம்பரா ஆயாவிடமோ ஒப்படைக்கலாம் என்று முன்பே பேசி வையுங்கள். படம் எடுக்கச் சம்மதித்தால்தான் பொருள் என்ற பழக்கத்தை அடியோடு விடுங்கள்.

ஆறாம் படி: இரவல் காலத்தில் கவனிப்பு

மூன்றாம் நாள் ஒரு போன், இரண்டாம் வாரம் நேரில் ஒரு தடவை. இந்த இரண்டும் இல்லாத இரவலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நேரில் போனால் பொருள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நாற்காலியின் மேல் விறகு அடுக்கியிருந்தால் அதுவும் ஒரு பதில்தான், கோபப்படாமல் ஏன் என்று கேளுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு உட்காரும் இடத்தில் சிவந்த தடம் இருக்கிறதா, எழுந்து அரை மணி நேரமாகியும் மறையாமல் நிற்கிறதா என்று வீட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் மெத்தையை மாற்ற வேண்டும், நாற்காலியையே கூட.

ஏழாம் படி: திரும்பி வந்த பிறகு

வந்தது, சுத்தமானது, பழுது என்று மூன்று தட்டு. ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. முதலில் சவர்க்காரத் தண்ணீரால் கழுவ வேண்டும். அழுக்கின் மேல் கிருமிநாசினி வேலை செய்யாது. அப்புறம் 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் துடையுங்கள். பிளீச் உலோகத்தை அரிக்கும் என்பதால் அந்தக் கடைசித் துடைப்பைத் தவறவிடாதீர்கள். மின் கருவிகளை ஸ்பிரிட் நனைத்த துணியால் மட்டும் துடையுங்கள். காதுக்குள் போகும் அச்சும் நுனியும் ஒருவருக்கு மட்டும் உரியவை, அடுத்தவருக்குப் போகக் கூடாது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மூடுபனியில் வெயில் வரும் என்று காத்திருந்தால் துருதான் வரும். அறைக்குள்ளேயே காயவைத்து, திருகாணிகளுக்கு எண்ணெய் போட்டு, காது மெஷின்களை சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். தடியின் ரப்பர் மூடியைத் திருப்பிப் பாருங்கள். கோடுகள் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஈரக் கல்லில் உயிரைக் காப்பது அந்த ரப்பர்தான். பிரேக், டயர், மடிப்பு எல்லாம் பார்த்து, யார் பார்த்தார், எந்தத் தேதி என்று ஒரு அட்டை கட்டுங்கள். அட்டை இல்லாத பொருள் வெளியே போகாது. டயரையும் ஸ்போக்கையும் டவுனில் உள்ள சைக்கிள் கடைக்காரர் திருத்துவார், அவரோடு நட்பு வையுங்கள்.

எட்டாம் படி: கணக்கு

ஒரு சி.ஆர். கொப்பி போதும். கேட்ட நாள், கொடுத்த நாள், இடைப்பட்ட நாட்கள், முன்பு சொன்ன மூன்று பதிலில் எது, திருப்தியா இல்லையா. கடைசிக் கேள்வியைப் பொருள் கொடுத்தவரே கேட்கக் கூடாது. கொடுத்தவர் முகத்துக்கு நேரே யாரும் குறை சொல்ல மாட்டார்கள், நம் பழக்கம் அப்படி. வேறொருவர் கேட்கட்டும். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் எத்தனை, எந்த டிவிசன் என்றும் பிரித்துப் பாருங்கள். விடுபட்டவர்கள் யார் என்பது அந்தப் பக்கத்தில்தான் தெரியும். கொப்பியைப் பூட்டி வையுங்கள். லயத்தில் ஒரு காம்பராக் கதை பத்துக் காம்பராவுக்கும் போகும். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்த நாட்டில் இருக்கிறது.

குறைந்தது ஒரு மாற்றுத்திறனாளியாவது இந்தக் கணக்கைப் பார்த்துத் தீர்மானம் எடுக்கும் குழுவில் இருக்க வேண்டும். பெயருக்கு அல்ல, வாக்குரிமையோடு.

ஒன்பதாம் படி: "வேண்டும்" என்று முடிவானால்

இரவலில் சரிவந்த பொருளின் வகை, அளவு, எந்த மாற்றத்தோடு சரிவந்தது என்பதை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இன் 28ஆம் இலக்கமாக வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை நாடு 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. நடமாட உதவும் தரமான சாதனங்கள் தாங்கக்கூடிய செலவில் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்று அதன் 20ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆகவே கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் போகும்போது கெஞ்ச வேண்டியதில்லை. வைத்தியரின் சிபாரிசோடு இந்த அளவுத் தாளையும் இணைத்துக் கொடுங்கள். "சக்கர நாற்காலி ஒன்று" என்று மட்டும் எழுதினால் ஏதோ ஒன்று வரும். அகலமும் ஆழமும் எழுதியிருந்தால் அந்த அளவில் கேட்க அவருக்கு ஆதாரம் இருக்கும்.

சமர்ப்பித்த நாளை உங்கள் கொப்பியிலும் எழுதுங்கள். மாதம் ஒரு தடவை அலுவலகத்துக்குப் போன் செய்து விசாரிப்பதை உங்களில் ஒருவர் பொறுப்பெடுக்கட்டும். பொருள் வரும்வரை இரவல் பொருள் அவரிடமே இருக்கட்டும். புதியது வந்ததும் அளவை மறுபடி சரிபார்த்துப் பழக்கிவிட்டு, அதற்குப் பிறகே பழையதை வாங்கிக்கொள்ளுங்கள்.